மைக்கிலிருந்து வைஃபைக்கு: டிசிபியா, யுடிபியா?

சாலிடர்பிரியன்: ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள மைக்ரோகன்ட்ரோலர்) போர்டில் அனலாக் மைக் மாட்யூல். அனலாக்ரீட் (மைக்கின் மின்னழுத்தத்தை எண்ணாகப் படிக்கும் கட்டளை), 125 மைக்ரோசெகண்ட் டிலே (காத்திருப்பு), மறுபடி அனலாக்ரீட். இப்படிப் படித்த ஒவ்வொரு எண்ணும், அதாவது சாம்பிளும், 2 பைட்டாக டிசிபி (தொலைந்ததை மறுபடி அனுப்பும் முறை) வழியே கணினிக்குப் போகிறது. அங்கே 8 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கவிடுகிறேன். குரல் விட்டுவிட்டு வருகிறது, கீச்சென்றும் இருக்கிறது. தொலைந்ததை மறுபடி அனுப்பாத யுடிபிக்கு மாறினால் சரியாகுமா?

பாக்கெட்பாண்டி: மாறிவிடுங்கள். 2 பைட் குரலுக்கு ஐபி 20, டிசிபி 20 என்று 40 பைட் ஹெடர் (முகவரி முதலிய தலைப்புத் தகவல்). சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! 160 சாம்பிளைச் சேர்த்து 20 மில்லிசெகண்டுக்கு ஒரு யுடிபி பாக்கெட் அனுப்புங்கள். முன்னால் 2 பைட் வரிசை எண். ஒன்று தொலைந்தால் முந்தைய பாக்கெட்டையே இன்னொரு முறை ஒலிக்கவிட்டால் போதும். டிசிபியில் தொலைந்தது திரும்ப வரும்வரை பின்னால் வந்ததெல்லாம் காத்துக்கிடக்கும்.

ஓம்விதி: பாண்டி, அவசரப்படாதீங்க. சின்னச் சின்னத் துண்டுகளை டிசிபியில் உள்ள நேகிள் முறையே சேர்த்துத்தான் அனுப்பும். ஒரே கணினிக்குப் போகும் பாக்கெட் காற்றில் தொலைந்தாலும் வைஃபையே மறுபடி அனுப்பிவிடும். எனக்குச் சந்தேகம் அந்த டிலே மேல்தான். சாலிடர், 10 விநாடியில் கணினிக்கு எத்தனை பைட் வருகிறது? 1,60,000 வரணும்.

சாலிடர்பிரியன்: 1,21,000தான் வருது.

ஓம்விதி: அதாவது விநாடிக்கு 6,050 சாம்பிள். டிலே 125, அதற்கு மேல் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி) படிக்கவும் அனுப்பவும் சுமார் 40; ஒரு சுற்றுக்கு 165 மைக்ரோசெகண்ட். 6,050-இல் எடுத்ததை 8,000-இல் ஓட்டினால் கீச்சுக்குரல்தான் வரும், பஃபரும் (ஒலிக்கக் காத்திருக்கும் தற்காலிகச் சேமிப்பு) அடிக்கடி காலியாகும். யுடிபி போட்டாலும் இதேதான். டிலேயைத் தூக்கிவிட்டு ஏடிசியை டிஎம்ஏவில் (நிரல் காத்திருக்காமல் தரவு நேராக நினைவகத்துக்குப் போகும் வழி) ஓட்டுங்கள். போர்டில் உள்ள இரண்டு ஏடிசிகளில், மைக் ஏடிசி1 பின்னில் இருக்கட்டும். வைஃபை ஓடும்போது ஏடிசி2 கைகொடுக்காது.

இன்னொன்று, ஃபில்டர். 8 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங்கில் 5 கிலோஹெர்ட்ஸ் ஒலி 3 கிலோஹெர்ட்ஸாக வேஷம் போட்டு உள்ளே வரும். வந்தபின் பிரிக்க வழியில்லை. 4.7 கிலோஓம் ரெசிஸ்டரும் 10 நானோஃபாரட் கெப்பாசிட்டரும் போட்டால் வெட்டு அதிர்வெண் 3.4 கிலோஹெர்ட்ஸ் அருகில். ஆனால் 5 கிலோஹெர்ட்ஸ் இதில் 5 டெசிபெல்தான் குறையும், பெரிதாக நம்ப வேண்டாம். 32 கிலோஹெர்ட்ஸில் எடுத்து, டிஜிட்டல் ஃபில்டரில் வடித்து, நாலில் ஒன்றை வைத்துக்கொள்வது உத்தமம்.

பாக்கெட்பாண்டி: கடிகாரத் தப்பை நான் கவனிக்கலை, ஒத்துக்கிறேன். ஆனால் டிசிபி நிரபராதி இல்லை. அனுப்பும் பஃபர் நிரம்பினால் சென்ட் கட்டளை அங்கேயே நிற்கும். அதே லூப்பில் இருக்கும் அனலாக்ரீடும் நிற்கும்.

ஓம்விதி: டிஎம்ஏவும், அனுப்புவதற்குத் தனி டாஸ்க்கும் (தனியாக ஓடும் வேலை) போட்டால் அது ஏன் நிற்கப்போகிறது? பதிவு மட்டும்தான் தேவை என்றால் ஒரு விநாடி பஃபரோடு டிசிபியே போதும். ஒரு சாம்பிளும் விடுபடாது.

பாக்கெட்பாண்டி: பதிவுக்குச் சரி. எதிரெதிரே பேசும் இன்டர்காமுக்கு ஒரு விநாடி தாமதம் வைத்தால் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பேசிக்கொண்டிருப்பார்கள். அதற்கு யுடிபியும் 60 மில்லிசெகண்ட் பஃபரும்தான். பிராட்காஸ்ட் (எல்லாக் கருவிக்கும் போகும்) முகவரிக்கு மட்டும் அனுப்பாதீங்க; அதற்கு வைஃபை மறுபடி அனுப்பாது. மோடம் ஸ்லீப்பையும் (மின்சாரம் மிச்சப்படுத்த வைஃபை இடையிடையே தூங்குவது) அணைத்துவிடுங்கள். சாலிடர், உங்களுக்கு வேண்டியது பதிவா, பேச்சா?