பில்ட் எரர் தீர வேண்டும், ஏபிஐ உடையக் கூடாது: கிளாஸ்களை எப்படிப் பிரிப்பது?

கோத்தகிரி_ஜாவா:
எங்கள் எடை மாட்யூல் விவசாயி கொண்டுவரும் பச்சைத் தேயிலையை நிறுத்துப் பதிவு செய்கிறது, கணக்கு மாட்யூல் அதற்குப் பணம் போடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று கூப்பிடுவதால் பில்ட் கருவியான கிரேடில் 'சர்க்குலர் டிபென்டன்சி' (சுழற்சிச் சார்பு) என்று பில்டை நிறுத்திவிடுகிறது. எடை மாட்யூலை லைப்ரரியாக வேறு தொழிற்சாலைகளின் ஆப்களும் பயன்படுத்துகின்றன, அவை கூப்பிடும் கிளாஸ்களும் மெதட்களும் (ஏபிஐ) உடையக் கூடாது. வழி சொல்லுங்கள்.

குன்னூர்க்காரன்:
கிளாஸ்களைப் புதுப் பேக்கேஜுக்கு நகர்த்தி 2.0.0 என்று வெளியிடுங்கள். மேஜர் எண் (பதிப்பின் முதல் எண்) ஏறினால் பழையது உடையலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதிதானே. இம்போர்ட்டை மாற்றுவது சின்ன வேலை.

கேத்தி_டெவ்:
சின்ன வேலை நமக்கு! சிக்னல் எட்டாத கொள்முதல் ஷெட்டில் பழைய ஜாரோடு (கம்பைல் செய்த லைப்ரரிக் கோப்பு) ஓடும் டேப்லெட்டை, மழை முடிந்து வரத்து கூடுகிற நேரத்தில் யார் போய் மாற்றுவது? சுழற்சி நம் கோடில் இருக்கிறது, அதற்கு அவர்கள் ஏன் அலைய வேண்டும்? எடை மாட்யூல் கணக்கிடம் உண்மையில் கேட்பது என்ன என்று பாருங்கள், பெரும்பாலும் ஓரிரு மெதட்தான் இருக்கும். அவற்றை இன்டர்ஃபேஸாக்கி (மெதட்டின் அறிவிப்பு மட்டும், வேலை செய்யும் கோடு இல்லாமல்) மூன்றாவது மாட்யூலில் வையுங்கள், இரண்டும் அதை மட்டும் பார்க்கட்டும். பழைய கிளாஸ் அதே பெயரில், அதே பேக்கேஜில் இருந்து, உள்ளே வேலையைப் புதுக் கிளாஸிடம் ஒப்படைக்கட்டும்.

குன்னூர்க்காரன்:
சரி, பழைய கன்ஸ்ட்ரக்டர் எந்த ஆர்கியுமென்ட்டும் வாங்குவதில்லையே, இன்டர்ஃபேஸின் வேலையைச் செய்யும் இம்ப்ளிமென்டேஷன் அதற்கு எங்கிருந்து கிடைக்கும்? சர்வீஸ்லோடர் என்பீர்கள், அது ஒரு கோப்பில் எழுதிய பெயரைப் பார்த்து ஓடும்போது கிளாஸைத் தேடித் தருவது. மெட்டா-இன்ஃப் ஃபோல்டரில் அந்தக் கோப்பு விடுபட்டால் கம்பைலர் வாயே திறக்காது, ஓடும்போதுதான் விழும். பில்ட் எரரை ரன்டைம் எரராக மாற்றுவது தீர்வா?

கேத்தி_டெவ்:
சர்வீஸ்லோடர்தான், ஜாவா 6 முதல் இருக்கிறது. கோப்பு இருக்கிறதா என்று பில்டிலேயே ஒரு டெஸ்ட் எழுதினால் அந்தப் பயம் போகும்.

கோத்தகிரி_ஜாவா:
இந்த வழியே எனக்கு ஒத்துவரும். ஒரு மெதட் கலெக்‌ஷன் என்ற டைப்பைத் திருப்பித் தருகிறது, அதை லிஸ்ட் ஆக்கலாமா? எல்லாம் கம்பைல் ஆகிறது.

கேத்தி_டெவ்:
வேண்டவே வேண்டாம். ரிட்டர்ன் டைப் பைட்கோடில் (கம்பைல் ஆன கோடில்) மெதட்டின் அடையாளத்தோடு சேர்ந்தது. மறுபடி கம்பைல் செய்யாத ஆப் 'நோசச்மெதட்எரர்' (அப்படி ஒரு மெதட் இல்லை) என்று நின்றுவிடும். ரெவாபி போன்ற கருவியில் பழைய ஜாரையும் புது ஜாரையும் ஒப்பிட்டுவிட்டு வெளியிடுங்கள்.

குன்னூர்க்காரன்:
அப்படியானால் பழைய கிளாஸில் டெப்ரிகேட்டட் (இனிப் பயன்படுத்த வேண்டாம்) குறியோடு ஃபார்ரிமூவலும் (பிறகு நீக்கப்படும் என்ற எச்சரிக்கை) போடுங்கள், ஜாவா 9 முதல் அந்த வசதி உண்டு. கெடு வைக்காவிட்டால் யாரும் நகர மாட்டார்கள், இரண்டு கிளாஸையும் காலத்துக்கும் நீங்கள்தான் சுமக்க வேண்டும்.

கேத்தி_டெவ்:
டெப்ரிகேட்டட் இன்றே போடலாம். ஃபார்ரிமூவலுக்கு, கடைசி ஷெட்டும் மாறும்வரை நான் சம்மதிக்க மாட்டேன்.