அம்மா கனடாவில் ஒரு வருடம் தங்க வேண்டும்: எந்த விசா?

வணக்கம். கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். டொராண்டோவில் அக்காவுக்கு ஜனவரியில் பிரசவம். கூடமாட இருக்க அங்கே வேறு ஆளில்லை. அம்மா ஒரு வருடமாவது தங்கியாக வேண்டும். அம்மாவுக்கு 63 வயது, சர்க்கரை உண்டு. அக்கா பி.ஆர். (கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்).

அம்மாவிடம் மல்டிபிள் என்ட்ரி விசிட்டர் விசா இருக்கிறது. அது எத்தனை வருட விசாவாக இருந்தாலும், ஒரு தடவை உள்ளே போனால் பொதுவாக 6 மாதம்தான். கெடு முடியும் முன்பே அங்கிருந்து நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம், முடிவு வரும்வரை இருக்கலாம். ஆனால் பச்சைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்தக் கடிதத்துக்காகக் காத்திருக்க அக்காவுக்குப் பயம்.

பெற்றோருக்கான சூப்பர் விசா என்றால் ஒரே மூச்சில் 5 வருடம்வரை தங்கலாம். கனடாவுக்கு வெளியிலிருந்துதான் போட வேண்டும். மெடிக்கல், ஒரு லட்சம் கனடா டாலர் காப்பீடு, அக்கா வீட்டு வருமானக் கணக்கு எல்லாம் கேட்கிறார்கள். சர்க்கரை என்றதும் பிரீமியம் எகிறிவிட்டது.

குன்னூர் ஏஜென்ட் “இருக்கிற விசாவிலேயே போங்க” என்கிறார். கோவையில் விசாரித்தால் நேர்மாறாகச் சொல்கிறார்கள். விண்ணப்பத்தோடு வைக்கத் தேயிலைத் தோட்டப் பட்டா, ஃபேக்டரிக்கு இலை போட்ட ரசீதுகள், பாஸ்புக் எல்லாம் தயார்.

விசிட்டர் விசா கையில் இருக்கும்போதே பெற்றோருக்கு இங்கிருந்து சூப்பர் விசா வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?