சர்ச் மரத்தில் செய்த ஓக் அலமாரி, 900 பவுண்டு: வாங்கலாமா?

கேட்டவர்: யார்க்‌ஷயர்வாசி
போன வாரம் இங்கே ஒரு பழம்பொருள் கடையில் ஓக் அலமாரி பார்த்தேன். இரண்டு கதவிலும் கூர்வளைவும் திராட்சைக் கொடியும் செதுக்கியிருக்கிறது. ஏதோ சர்ச்சில் கழற்றிய மரமாம், 1600களில் செய்ததாம். விட மனசில்லை, ஆனால் பொடிப்பொடி ஓட்டைகள் நிறைய. புழு இன்னும் உள்ளே இருக்குமா? வயசை எப்படி நம்புவது? அம்மா வேறு போனில், "சாமி இடத்துச் சாமானை எதுக்குடா வீட்டுக்குள்ள கொண்டுவரே" என்கிறார்.

மரத்தூள்
மரத்தின் வயசு வேறு, அலமாரியின் வயசு வேறு. விக்டோரியா ராணி காலத்தில், அதாவது 1800களில், இங்கே ஊர் ஊராகச் சர்ச்சுகளைப் புதுப்பித்தார்கள், அப்போது கழற்றிப்போட்ட பழைய ஓக் பெஞ்சும் தடுப்புப் பலகையும் தச்சர்கள் கைக்குப் போய் அலமாரி, பெட்டி, நாற்காலி என்று மாறின. உங்களுடையதும் அந்த வகையாக இருக்கலாம். அதில் தப்பில்லை, 1600 என்று சொல்லி விலை வைப்பதுதான் தப்பு.

ஓட்டைகளை நன்றாகப் பாருங்கள். புழு வண்டாகி மரத்தைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் 2 மி.மீ. அளவுக்கு வட்ட ஓட்டைதான் தெரியும். பலகை ஓரத்தில் நீளவாக்கில் வாய்க்கால் மாதிரி ஓடினால், புழு தின்று முடித்த பிறகு யாரோ அறுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் பின்பலகையில் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். ரம்பத் தடம் பிறை பிறையாக வளைந்திருந்தால் அது வட்ட ரம்பம், 1600களில் ஏது அது? கதவைத் தட்டினால் புதுசாக வெளிர் மாவு உதிர்கிறதா என்றும் பாருங்கள், உதிர்ந்தால் புழு உயிரோடு இருக்கிறது.

குடைக்காரி
எங்கள் ஹாலில் மெதடிஸ்ட் சேப்பல் பெஞ்ச் ஒன்று கிடக்கிறது. ஓக் இல்லை, பிட்ச் பைன். முனையில் குடை செருக இரும்பு வளையம், கீழே தண்ணீர் சொட்டச் சின்னத் தட்டு, பக்கத்தில் 14 என்று நம்பர். அந்தக் காலத்தில் இடத்துக்கு வாடகை கட்டித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்! தட்டில் இப்போது கார் சாவி. வெயில் நாளில் பழைய வார்னிஷ் இளகிப் பிசுபிசுக்கும், வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்துவிடாதீர்கள். என் மாமியாரும் முதலில் முகம் சுளித்தார், இப்போது மதியத் தூக்கம் அதில்தான்.

பழையமணி
சமீபத்தில் கழற்றிய மரமா என்று கேளுங்கள். ஆங்கிலிக்கன் சர்ச் என்றால் இதையெல்லாம் விற்க மறைமாவட்டத்தின் அனுமதி வேண்டும், ‘ஃபேக்கல்ட்டி’ என்பார்கள். எந்த சர்ச் என்று கேட்டதும் மழுப்பினால் நடையைக் கட்டுங்கள்.

யார்க்‌ஷயர்வாசி
சனிக்கிழமை டார்ச்சோடு போனேன். இடது கதவின் மேல் ஓரத்தில் வாய்க்கால் அப்படியே ஓடுகிறது, அங்கேயே ஒரு திராட்சைக் குலை பாதியில் அறுபட்டிருக்கிறது. பின்பலகையில் பிறைத் தடம். மாவு எதுவும் உதிரவில்லை. கடைக்காரரிடம் காட்டினால், "அதனால்தான் விலையைக் குறைத்துச் சொன்னேன்" என்கிறார், கொஞ்சமும் அசரவில்லை! 550க்கு முடிந்தது. வியாழக்கிழமை வருகிறது, அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.