ஹேமர்ஸ்டீன் பால்ரூமில் ஒரு செவ்வாய்க்கிழமை

2006 ஆகஸ்ட் 1. நியூயார்க்கில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நியூஜெர்சி எடிசனில் ரயிலேறி பென் ஸ்டேஷனில் இறங்கி, 34-வது தெருவில் ஹேமர்ஸ்டீன் பால்ரூம் வாசலில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். கூட வந்தவர் என் ஆபீஸ் நண்பர், தெற்கு பிலடெல்பியாவில் பிறந்து வளர்ந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எனக்கு இசிடபிள்யூ என்ற ரெஸ்லிங் கம்பெனி மேல் பைத்தியம் பிடிக்க வைத்ததே அவர்தான்.

மதுரையில் சின்ன வயதில் டிரம்ப் கார்டு வைத்து ரெஸ்லிங் படித்தவன் நான். உயரம், எடை, மார்பளவு. யாருடைய நம்பர் பெரிதோ அவன் ஜெயித்தான், கார்டு அவனுக்கு. ரிங்கிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பை உடைத்தது நண்பர் கொடுத்த பழைய வீடியோ கேசட்டுகள். 150 பவுண்டுதான் இருப்பார் ஸ்பைக் டட்லி. பாம் பாம் பிக்கலோ என்ற மலை அவரைத் தலைக்கு மேல் தூக்கி ரிங்குக்கு வெளியே, கூட்டத்துக்குள் எறிகிறது. கூட்டம் விலகவில்லை. அத்தனை கைகளும் மேலே போய் அவரைப் பிடித்து, திருவிழாவில் சப்பரம் தூக்குகிற மாதிரி தலைக்கு மேலேயே கடத்திக்கொண்டு போகிறது. அந்த ஒரு காட்சியை எத்தனை தடவை ரீவைண்ட் செய்தேன் என்று கணக்கே இல்லை. எந்த டிரம்ப் கார்டிலும் இல்லாத ஒன்று அங்கே இருந்தது. பார்க்க வந்தவனும் ஆட்டத்தில் ஒரு ஆள்.

நண்பர் அந்த இடத்திலேயே இருந்தவர். ஸ்வான்சன் தெருவும் ரிட்னர் தெருவும் சந்திக்கிற முனையில், ஹைவே பாலத்தை ஒட்டி இருந்த பிங்கோ ஹால். அதற்குத்தான் இசிடபிள்யூ அரீனா என்று பெயர். ரசிகர்கள் வீட்டிலிருந்து சாமான்களைக் கொண்டுவருவார்கள், சண்டை போடுகிறவர்கள் அதை வாங்கி அடித்துக்கொள்வார்கள். இவர் ஒரு தடவை அம்மாவுக்குத் தெரியாமல் தோசைக்கல் மாதிரி கனமான இரும்பு வாணலியைக் கொண்டுபோயிருக்கிறார். அது நடுவில் குழி விழுந்து திரும்பி வந்தது. அந்த வாணலி அவர் வீட்டுச் சமையலறையில் ஆணியில் தொங்குவதை நான் பார்த்திருக்கிறேன். குழியில் விரல் வைத்தும் பார்த்தேன்.

2001-ல் இசிடபிள்யூ திவாலானது. 2003-ல் பெயர், டேப் எல்லாவற்றையும் பெரிய ரெஸ்லிங் கம்பெனியான டபிள்யூடபிள்யூஇ வாங்கியது. 2005 ஜூன் 12 அன்று இதே ஹேமர்ஸ்டீனில் ஒன் நைட் ஸ்டாண்ட் என்ற இசிடபிள்யூ நிகழ்ச்சி நடந்தபோது நாங்கள் டிவியில்தான் பார்த்தோம். பழைய இசிடபிள்யூ வீரர் சாண்ட்மேன் கையில் பிரம்போடு கூட்டத்துக்கு நடுவே நடந்து வர, ஹால் மொத்தமும் அவருடைய பாட்டைச் சேர்ந்து பாடியது. நண்பர் சோபாவில் அழுதுவிட்டார். அடுத்த வருஷம் ஜூன் 11, அதே ஹாலில் பழைய இசிடபிள்யூ ஆள் ராப் வான் டாம், டபிள்யூடபிள்யூஇ நட்சத்திரம் ஜான் சீனாவிடமிருந்து டபிள்யூடபிள்யூஇ சாம்பியன் பெல்ட்டைப் பறித்தார். சீனா தன் டி-ஷர்ட்டைக் கூட்டத்தில் வீச வீச, கூட்டம் அதைத் திரும்பத் திரும்ப ரிங்குக்குள்ளேயே எறிந்தது. அன்று ராத்திரி நாங்கள் தூங்கவே இல்லை. நம்ம இசிடபிள்யூ வந்துவிட்டது என்று முழுசாக நம்பினோம்.

இரண்டே நாள். ஜூன் 13, சை-ஃபை சேனலில் புதிய இசிடபிள்யூவின் முதல் வாராந்திர நிகழ்ச்சி. முதல் மேட்ச்சுக்கு ரிங்குக்கு வந்தது ஒரு ஜாம்பி. முகத்தில் சாயம் பூசிய ஒருவர் மைக்கைப் பிடித்து உறுமுகிறார். சாண்ட்மேன் வந்து பிரம்பால் விளாசினார். நண்பர் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு எல்லாமே சரிவு. ஜூலை 2 இரவு ஒஹாயோவில் வான் டாமும் இன்னொரு இசிடபிள்யூ வீரர் சாபுவும் வந்த காரைப் போலீஸ் நிறுத்தியது, போதைப்பொருள் வழக்கு. அடுத்த இரண்டு நாளில் வான் டாம் டபிள்யூடபிள்யூஇ பெல்ட், இசிடபிள்யூ பெல்ட் இரண்டையும் இழந்தார். இசிடபிள்யூ பெல்ட் போனது பிக் ஷோவிடம். ஏழு அடி, ஐநூறு பவுண்டு. அதுவும் பிலடெல்பியாவிலேயே. திரும்பவும் டிரம்ப் கார்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், எனக்கு ரொம்ப வலித்தது அதுதான். பழைய இசிடபிள்யூவில் மேசை, நாற்காலி எதற்கும் தடை கிடையாது, அது எல்லா மேட்ச்சுக்கும் பொது. புதியதில் சில மேட்ச்சுகளுக்கு மட்டும் 'எக்ஸ்ட்ரீம் ரூல்ஸ்' என்று தனியாகப் பெயர் வைத்தார்கள். மற்றதெல்லாம் வழக்கமான விதிகள். சோறு போடுகிற வீட்டில் சோற்றை மட்டும் ஸ்பெஷல் அயிட்டமாக எழுதி வைத்த மாதிரி இருந்தது.

அப்படியும் ஆகஸ்ட் 1-க்கு நாங்கள் டிக்கெட் எடுத்தோம். அந்த ஹால் என்றால் ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கை. பால்கனியில் இடம். என் இடது பக்கம் கறுப்பு இசிடபிள்யூ டி-ஷர்ட் போட்ட ஒருவர். எழுத்தெல்லாம் வெடித்து, பாதி உதிர்ந்திருந்தது. துவைத்துத் துவைத்துப் போட்டது. அன்றுதான் சிஎம் பங்க் என்ற புது வீரர் இசிடபிள்யூ டிவி நிகழ்ச்சியில் முதல் மேட்ச் ஆடினார், பழைய இசிடபிள்யூ ஆள் ஜஸ்டின் கிரெடிபிளோடு. பங்க் வெளியே வந்ததும் ஹால் எழுந்து நின்றது. அந்தச் சில நிமிஷம் கேசட்டில் கேட்ட அதே சத்தம். நண்பர் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

கடைசி மேட்ச் பிக் ஷோவும் டபிள்யூடபிள்யூஇ ஆள் பட்டிஸ்டாவும். இரண்டு பெரிய நம்பர்கள். ஹால் கொதித்துவிட்டது. "சேனலை மாத்து" என்று கூட்டம் சேர்ந்து கத்தியது, அது நேரலையிலேயே போனது. பக்கத்து டி-ஷர்ட்காரர் கத்தவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, ரிங்கைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 3-ல் அகஸ்டாவில் நடந்த இசிடபிள்யூ பே-பர்-வியூவில் (காசு கட்டி டிவியில் பார்க்கிற நிகழ்ச்சி), பலர் மோதும் கடைசி மேட்ச்சில் பங்க்கைத்தான் முதல் ஆளாக வெளியேற்றினார்கள். மறுநாள் பழைய இசிடபிள்யூவை நடத்திய பால் ஹேமன் கம்பெனியை விட்டுப் போய்விட்டார். 2010 பிப்ரவரி 16 வரை அந்தப் பெயரில் நிகழ்ச்சி ஓடியது. நாங்கள் பார்க்கவில்லை.

2023 ஆகஸ்டில் ரெஸ்லர் டெரி ஃபங்க் இறந்த செய்தி வந்தபோது நண்பருக்குப் போன் போட்டேன். நான் இப்போது மதுரையில், அவர் அங்கேயே. 1997 ஏப்ரல் 13, இசிடபிள்யூவின் பேர்லி லீகல் நிகழ்ச்சி, 52 வயசுக் கிழவர் ஃபங்க் ரேவனை வீழ்த்தி பெல்ட் வாங்கிய மேட்ச். அதை இரண்டு பேரும் அவரவர் டிவியில் ஒரே நேரத்தில் போட்டோம். அவருடையது நான்கைந்து நொடி முந்தி ஓடியது. அதனால் அந்த பிங்கோ ஹாலின் சத்தம் எனக்கு முதலில் போனில் கேட்டது, அப்புறம் என் டிவியில்.