ராஜ பெரணி: இலைக்காம்பின் அடிப்பகுதிச் சதை அழுகுகிறது, முளை வரவில்லை

கேள்வி:
ஆப்பிரிக்க ராஜ பெரணி (டிசானா ஃப்ராக்சினியா, பழைய பெயர் மராட்டியா) 40 செ.மீ. தொட்டியில் இருக்கிறது. இலைக்காம்பின் அடியில் இருபுறமும் காதுமடல் போலிருக்கும் சதையில் 6 துண்டு வெட்டி, தேங்காய் நார்க்கழிவில் முழுக்கப் புதைத்துத் தினமும் தண்ணீர் விட்டேன். 5 வாரத்தில் 4 கூழாகிவிட்டன. மீதி 2 அப்படியே கிடக்கின்றன. தாய்ச்செடியிலும் இலைநுனி கருகுகிறது. பேசாமல் ஸ்போர் (பெரணியின் வித்துத்தூள்) விதைத்துவிடலாமா?

பதில் 1:
முழுக்கப் புதைத்ததுதான் தப்பு. அந்தச் சதை முழுக்க மாவுச்சத்து. வெட்டுவாய் ஆறுவதற்குள் ஈரத்தில் காற்றில்லாமல் கிடந்தால் பூஞ்சைக்கு விருந்துதான். வெறும் நார்க்கழிவு தண்ணீரை விடாது. கழுவிய ஆற்றுமணல் 2 பங்கு, நார்க்கழிவு 1 பங்கு கலந்துகொள்ளுங்கள். இலை உதிர்ந்த பிறகும் அடிமரத்தில் ஒட்டியிருக்கும் பழைய சதையை எடுத்தால் தாய்ச்செடிக்கு நோகாது. கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து வெட்டி, ஒரு நாள் நிழலில் ஆறவிட்டு, படுக்கவைத்துப் பாதி மட்டும் புதையுங்கள். மேலே மூடி போட்ட பெட்டி, 20–25 டிகிரி, நேர்வெயில் கூடாது. மூடியில் நீர் சொட்டினால் கொஞ்சம் திறந்துவிடுங்கள். முளைக்க மாதக்கணக்கில் ஆகும். தோண்டித் தோண்டிப் பார்க்காதீர்கள்.

மீதி இரண்டையும் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, மேல்மண்ணை மட்டும் விலக்குங்கள்.

பதில் 2:
நுனி கருகுவது வேறு கதை. தான்சானியாவின் உசம்பாரா, ஜிம்பாப்வேயின் கிழக்கு மலைகள் போன்ற இடங்களில் இது அடர்நிழலில், ஓடைக்கரையில் வளர்வது. 2 மீட்டரைத் தாண்டும் இலைக்கு 40 செ.மீ. தொட்டி சீக்கிரம் காய்ந்துவிடும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்தால் உப்பு: மழைநீர் ஊற்றி அடியில் வழியவிடுங்கள், உரத்தைப் பாதியாக்குங்கள். படிவு இல்லையென்றால் வறண்ட காற்று.

ஸ்போர் வேண்டாம், முளைத்தாலும் ஆமை வேகம். இதன் ஸ்போர்ப்பைகள் தனித்தனியாக இல்லாமல் ஒட்டிச் சேர்ந்து, உமி நீக்கிய பார்லி மணி போலிருக்கும். 2008-இல் மராட்டியாவிலிருந்து பிரித்தபோது வைத்த 'டிசானா' என்ற பேரினப் பெயரே அந்தப் பார்லியைக் குறிப்பதுதான். முளைத்தாலும் ஆமை வேகம்.

கேட்டவர்:
இரண்டும் கெட்டி. ஒன்றின் ஓரத்தில் வெள்ளையாகப் புடைத்திருக்கிறது. பூஞ்சையா?

பதில் 1:
ஈரப்பஞ்சால் லேசாகத் தொடுங்கள். துடைபட்டால் பூஞ்சை. உறுதியாக நின்றால் முளை. பின்னால் பழுப்புச் செதில் மூடிய சுருள்குருத்து வரும். சொந்த வேரும் 2 இலையும் வரும்வரை இடம் மாற்றாதீர்கள். பழைய சதையைப் பிய்க்கவும் வேண்டாம், அதுவரை அதுதான் சாப்பாடு.