வேல்ஸில் ஆண்கள் கொயரில் (பாடகர் குழுவில்) சேர்ந்திருக்கிறேன்: நவம்பர் நினைவு நாளில் பாடுவது பற்றி ஒரு கேள்வி

நெல்லைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தெற்கு வேல்ஸில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்க்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், "சும்மா வந்து உட்கார்ந்து கேள், போதும்" என்று இந்த ஊர் ஆண்கள் கொயரின் ஒத்திகைக்குக் கூட்டிப் போனார். ரக்பி கிளப் மாடியில் வாரம் இரண்டு நாள் கூடுகிறார்கள். பாதிப் பேருக்கு மேல் எழுபது வயதைத் தாண்டியவர்கள். என்னைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு செகண்ட் டெனர் (நாலு குரல் பாகங்களில் மேலிருந்து இரண்டாவது) வரிசையில் நிறுத்திவிட்டார்கள். எனக்கு மேற்கத்திய நொட்டேஷன் தெரியாது. சின்ன வயதில் கர்நாடக சங்கீதம் வர்ணம் வரை கற்றிருக்கிறேன், அவ்வளவுதான். பக்கத்தில் நிற்பவர் பாடுவதைக் கேட்டுக் கேட்டே பாடி வருகிறேன்.

நவம்பர் இரண்டாவது ஞாயிறு, போர்களில் இறந்தவர்களை நினைக்கும் நாளில், ஊர்ப் போர் நினைவுத்தூண் முன்னால் பாட வேண்டும். முந்தின நாள் சனிக்கிழமை இரவு சாப்பலில் (இங்குள்ள கிறிஸ்தவ ஆலயத்தில்) ஒரு நினைவுக் கச்சேரியும் இருக்கிறது. அங்கே என்ன நடக்கும், எப்போது கைதட்டலாம், எப்போது கூடாது? வெட்டவெளியில் கருவி இல்லாமல் பாடும்போது என் பாகத்தை விடாமல் பிடிப்பது எப்படி?

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. நான் இந்து. எங்கள் குடும்பத்தில் யாரும் பட்டாளத்துக்குப் போனதில்லை. தாத்தாவின் பெயர் அந்தக் கல்லில் இருக்கிறவர்கள் சுற்றி நிற்கும் இடத்தில், பிளேசர் போட்டுக்கொண்டு நான் பாடுவது சரியா?

மார்கழிப்பூ எழுதியது:

நான் கூட்டத்தில் நின்று கேட்கிறவள், என் கணவர் பாடுகிறவர். அதனால் கேட்பவர்கள் பக்கத்துச் செய்தியை மட்டும் சொல்கிறேன். நினைவுத்தூண் முன்னால் யாரும் கைதட்ட மாட்டார்கள். சாப்பல் கச்சேரியில் தட்டுவார்கள், ஆனால் பியூகிள் (ராணுவ ஊதுகொம்பு) வாசித்து முடிந்ததும் தட்ட மாட்டார்கள். போரில் இறந்தவர்கள் நினைவாக அணியும் சிவப்புப் பாப்பிப் பூவை இடது பக்கம் குத்திக்கொள்ளுங்கள். பிளேசருக்குள் தெர்மல் பனியன் கட்டாயம் வேண்டும், ஒரு மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டியிருக்கும். தோல் ஷூவுக்குள் கம்பளி சாக்ஸ் போடுங்கள். நீங்கள் எந்த ஊர், என்ன மதம் என்று அங்கே ஒருவரும் கேட்கப் போவதில்லை அண்ணா. எங்கள் ஊரில் கேட்டதில்லை.

பொருநை எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நம்மை அடக்கி ஆண்ட பேரரசு தன் லாபத்துக்கு நடத்திய போர்கள் அவை. அந்தச் சடங்கில் நாம் ஏன் பாட வேண்டும்? கொயரில் மற்ற நாட்களில் பாடுங்கள், அந்த ஒரு ஞாயிறு மட்டும் ஒதுங்கிக்கொள்ளலாமே. என் கருத்து இது.

ரோண்டா டாக்டர் எழுதியது:

தம்பி நெல்லைக்காரன், நானும் பாளையங்கோட்டைக்காரன்தான். இங்கே தெற்கு வேல்ஸில், நிலக்கரிச் சுரங்கப் பகுதியான ரோண்டா பள்ளத்தாக்கில் ஜி.பி.யாக (குடும்ப டாக்டராக) இருந்து ஓய்வு பெற்றவன். நான் வந்த காலத்தில் இந்தப் பள்ளத்தாக்குகளில் வேலை பார்க்க உள்ளூர் டாக்டர்கள் அவ்வளவாக முன்வரவில்லை. இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள்தான் பல கிளினிக்குகளை நடத்தினோம். என் நோயாளிகளில் பாதிப் பேர் சுரங்கத்தில் உழைத்து நெஞ்சு முழுக்க நிலக்கரித் தூசியோடு வந்தவர்கள். என் அறைக்கு நாலு படி ஏறினாலே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும் ஒருவர், சாயங்காலம் கொயரில் செகண்ட் பேஸ் (ஆகக் கீழ்க்குரல்) வரிசையில் நின்று, பக்கத்து ஆளோடு மாற்றி மாற்றி மூச்சு எடுத்து, ஒரு நீண்ட வரியை அறுபடாமல் கொண்டுபோய் முடிப்பதைப் பார்த்தேன். அதன் பிறகுதான் நானும் போய்ச் சேர்ந்தேன். இன்றும் அதே வரிசையில்தான் நிற்கிறேன்.

முதலில் நடைமுறை. ஊருக்கு ஊர் வரிசை கொஞ்சம் மாறும். பொதுவாக, கொடி பிடிப்பவர்கள் முன்னால் வர ஊர்வலம் வந்து நிற்கும். பெயர்களை வாசிப்பார்கள். அப்புறம் பியூகிளில், இறந்தவர்களுக்கு விடைகொடுக்கும் 'லாஸ்ட் போஸ்ட்' இசை. கொடிகள் தாழும். பதினொரு மணிக்கு இரண்டு நிமிட மௌனம். பிறகு துயிலெழுப்பும் இசையான 'ரெவெய்லி' வாசிக்க, கொடிகள் நிமிரும். மலர்வளையம், ஜெபம், பாட்டு, கடைசியில் இரண்டு தேசியகீதங்கள். வேல்ஸின் கீதத்தை வாய் நிறையப் பாடு, அங்கே அடக்கி வாசிக்க வேண்டியதில்லை.

கஷ்டமான இடம் மௌனத்துக்கு அடுத்த பாட்டு. இரண்டு நிமிடம் எல்லோரும் குளிரில் வாய் மூடி நின்றிருப்பார்கள், தொண்டை இறுகியிருக்கும். கொயரைக் கையசைத்து நடத்தும் எங்கள் கண்டக்டர் ட்யூனிங் ஃபோர்க்கை முழங்கால் மூட்டில் தட்டிக் காதோரம் வைத்துக் கேட்டு, முன்வரிசைக்கு மட்டும் கேட்கும்படி வாய்க்குள் சுதி கொடுப்பார். முன்வரிசை அதை மெல்ல முனகும். இரண்டாவது வரிசை அதை வாங்கும், அப்படியே பின்னால் எங்களுக்கு வரும். கூட்டத்துக்கு அது காதில் விழவே விழாது. அந்த முனகலை நீ தவறவிடக் கூடாது. அதற்காகத் தோளோடு தோள் ஒட்டி நில். வெட்டவெளியில் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வராது, பக்கத்து ஆளின் குரல்தான் உனக்குச் சுவர்.

குளிரில் சுதி இறங்கும். இதற்கு எங்களுக்குச் சொல்லித்தந்த வழி: மேலே ஏறும்போது படியைக் கொஞ்சம் பெரிதாக நினைத்துக்கொள், இறங்கும்போது சின்னதாக வை. நீ வர்ணம் பாடியவன், கமகம் உன்னை அறியாமல் வரும். இங்கே ஸ்வரத்தை அசைக்காமல் நேராக நிறுத்த வேண்டும். செகண்ட் டெனரில் பல இடங்களில் ஒரே ஸ்வரத்தில் நாலு அட்சரம் நிற்க வேண்டி வரும். கீழே பேஸ் நகரும், மேலே ஃபர்ஸ்ட் டெனர் நகரும், உனக்கு ஏதோ தப்பாகப் பாடுகிற மாதிரியே இருக்கும். நகராதே, அதுதான் சரி. பித்தளை வாத்திய பேண்ட் வந்திருந்து தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றால், அவர்கள் சத்தம் தாமதமாகத்தான் உன்னிடம் வரும். காதை விட்டுவிட்டு கண்டக்டரின் கையைப் பார்.

நொட்டேஷன் பற்றிக் கவலையே வேண்டாம். இங்குள்ள சுரங்கத் தொழிலாளிகளில் மிகப் பலர் அதைப் படித்தவர்கள் இல்லை. ஜான் கர்வென் பரப்பிய டானிக் சோல்ஃபா முறையில், சாப்பலில், தோ ரே மி என்று எழுதி வைத்துத்தான் நாலு பாகமும் கற்றார்கள். நானும் பாளையங்கோட்டையில் கிறிஸ்தவக் கோயில் கொயரில் அதே சோல்ஃபாவில்தான் பேஸ் கற்றேன். இங்கே முதல் தடவை நினைவுத்தூண் முன்னால் 'அபைட் வித் மீ' பாடியபோது, எனக்கு வாயில் வந்தது தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டுப் புத்தகமான பாமாலையின் 'என்னோடிரும்'. அதே மெட்டு, அதே பேஸ் பாகம். எங்கள் பக்கம் அடக்க ஆராதனையில் பாடிப் பாடிப் பழகியது. வெல்ஷ் உச்சரிப்பும் நமக்கு வந்துவிடும், எழுதியபடி வாசிக்கும் மொழி அது. உயிரெழுத்துகளைச் சுத்தமாகச் சொன்னால் போதும், ர-வை நாம் சொல்வது போலவே அவர்களும் உருட்டிச் சொல்வார்கள்.

இனி உன் கடைசிக் கேள்விக்கு வருகிறேன், பொருநைக்கும் சேர்த்தே.

பொருநை, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்தப் பேரரசு என்ன செய்தது என்பதில் உங்களோடு எனக்கு வாதம் இல்லை. ஆனால் எங்கள் ஊர்க் கல்லில் இருப்பது பேரரசின் பெயர் இல்லை. டேவிஸ், எவன்ஸ், ஜோன்ஸ், தாமஸ், வில்லியம்ஸ் என்று ஒரே குடும்பப் பெயர் வரிசை வரிசையாக வருகிறது. இனிஷியல் இல்லாவிட்டால் யார் யார் என்றே பிரிக்க முடியாது. நிலக்கரி வெட்டிய பையன்கள். முதல் உலகப் போரின்போது, 1916-இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்த பிறகு போனவர்களில் பலருக்கு வேறு வழி இல்லை. அதே 1916 ஜூலையில் பிரான்சில் மாமெட்ஸ் காட்டைப் பிடிக்க 38-வது வெல்ஷ் டிவிஷனை அனுப்பினார்கள். ஒரு வாரத்துக்குள் செத்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் சேர்த்துச் சுமார் 4,000 பேர். அவர்களின் பேரன்மாருக்கு நான் ரத்த அழுத்தம் பார்த்திருக்கிறேன்.

வடக்கே ட்ரவ்ஸ்வனித் என்ற ஊரில் ஆடு மேய்த்த ஒரு கவிஞர், ஹெத் வின் என்ற புனைபெயரில் எழுதியவர், 1917 ஜூலை 31 அன்று பெல்ஜியத்தில் கொல்லப்பட்டார். வயது 30. செப்டம்பரில் பர்க்கன்ஹெட்டில் நடந்த தேசிய ஐஸ்டெத்வாட் என்ற வெல்ஷ் கவிதை, இசை விழாவில் அவர் கவிதைதான் முதல் பரிசு வாங்கியது. மேடையில் பெயரைக் கூப்பிட்டார்கள், வர ஆள் இல்லை. வெல்லும் கவிஞருக்குப் பரிசாகத் தரும் நாற்காலியைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். அந்த நாற்காலியைச் செதுக்கியவர் பெல்ஜியத்திலிருந்து அகதியாக வந்த ஒரு தச்சர். வேல்ஸில் இந்தக் கதை தெரியாத கொயர்க்காரர் இருக்க மாட்டார். இதைத் தெரிந்துகொண்டு பாடுகிறவன் போரைப் புகழ்ந்தா பாடுவான்?

இந்த நாட்டில் சமாதான இயக்கமும் அந்தச் சாவுகளிலிருந்துதான் வந்தது. 1923-இல் வேல்ஸ் பெண்கள் 3,90,296 பேர் கையெழுத்துப் போட்டு, இனி போர் வேண்டாம் என்று அமெரிக்கப் பெண்களுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். கார்டிஃப் சமாதான ஆலயத்தை 1938-இல் திறந்து வைத்தவர் மந்திரியோ ராணியோ இல்லை. டவ்லைஸ் ஊரைச் சேர்ந்த மின்னி ஜேம்ஸ், மூன்று மகன்களைப் போரில் இழந்த தாய். முதல் உலகப் போரில் இறந்த சுமார் 35,000 பேரின் பெயர்ப் புத்தகம் அங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் இருக்கிறாய் தம்பி, லீவு நாளில் ஒரு நடை போய்ப் பார்.

உரிமை பற்றிக் கேட்டாய். மௌனத்துக்குப் பிறகு பெரும்பாலான ஊர்களில் ஒரு கல்வெட்டு வாசகத்தைச் சொல்வார்கள். நீங்கள் வீட்டுக்குப் போனதும் எங்களைப் பற்றிச் சொல்லுங்கள், உங்கள் நாளைக்காக எங்கள் இன்றைக் கொடுத்தோம் என்று பொருள்படும் வாசகம். அது எங்கே பொறித்திருக்கிறது தெரியுமா? நம் நாகாலாந்தில், கோஹிமாவில். 1944 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை அங்கே ஜப்பானியப் படையைத் தடுத்து நின்றவர்களில் இந்தியச் சிப்பாய்கள் ஏராளம். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் 1,420 கல்லறைகள், அதோடு எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கியப் படைவீரர்களுக்குத் தனி நினைவிடம். ரோண்டாவில் அந்த வாசகத்தைச் சொல்லும்போது வரிசையில் நிற்கும் ஒரே இந்தியன் பெரும்பாலும் நான்தான். என் பக்கத்தில் நின்று பாரிட்டோன் பாகம் பாடுபவரிடம் ஒருமுறை இதையெல்லாம் சொன்னேன். மறு வாரம் அவர் கமிட்டியில் பேசி, கச்சேரி நிகழ்ச்சித் தாளில் கோஹிமா எங்கே இருக்கிறது, யார் யார் செத்தார்கள் என்று இரண்டு வரி போட வைத்தார். ஒதுங்கியிருந்தால் அந்த இரண்டு வரி வந்திருக்காது, பொருநை.

பொருநை எழுதியது:

கோஹிமா விஷயம் தெரியாது டாக்டர். பேரரசு பற்றிய என் கருத்து மாறவில்லை, ஆனால் நெல்லைக்காரனை ஒதுங்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அந்த இரண்டு வரி எல்லா ஊர்த் தாளிலும் வர வேண்டும்.

கென்ட் நகரத்தான் எழுதியது:

பெல்ஜியத்தில் கென்ட் (Ghent) நகரில் இருக்கிறேன். உங்கள் கொயர் எப்போதாவது இங்கே ஈப்பர் (Ypres) ஊர்ப் பக்கம் வந்தால், முதல் உலகப் போர் நினைவு வளைவான மெனின் வாயிலில் பாட முன்கூட்டியே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். 1928-லிருந்து தினமும் இரவு 8 மணிக்கு அங்கே லாஸ்ட் போஸ்ட் வாசிக்கிறார்கள், ஜெர்மானியர் ஆக்கிரமித்த வருடங்கள் மட்டும் விடுபட்டன. உடல் கிடைக்காதவர்கள் 54,000 பேருக்கு மேல் அவர்கள் பெயர்கள் அந்தச் சுவரில் இருக்கின்றன. நம் நாட்டுப் படைப்பிரிவுகளின் பெயர்களும் உண்டு, படியேறித் தேடிப் பாருங்கள். வெல்ஷ் கொயர்கள் பாடிக் கேட்டிருக்கிறேன். கல் வளைவுக்குள் பேஸ் குரல் சும்மா கிடுகிடு என்று இருக்கும்.

நெல்லைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டாக்டர் ஐயா, இதை இரண்டு தடவை படித்தேன். ஒன்றே ஒன்று: மௌனம் முடிந்து பாட ஆரம்பிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டால் என்ன செய்ய? ஒத்திகையிலேயே ஒரு பாட்டில் அப்படி ஆகிவிடுகிறது.

ரோண்டா டாக்டர் எழுதியது:

எல்லோருக்கும் ஆகும், தம்பி. பாடாதே. வாயை மூடிக்கொண்டு அடுத்த வரி வரை நில். உன் பாகத்தைப் பக்கத்தில் நிற்பவர் தாங்கிக்கொள்வார், அதற்குத்தான் ஒரு பாகத்துக்குப் பத்துப் பேர். அவருக்கு அடைக்கும்போது நீ தாங்கு. முன்னால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் முதியவர்களின் முகத்தை மட்டும் பாட்டு முடியும்வரை பார்க்காதே, கண்டக்டரின் கையிலிருந்து கண்ணை எடுக்காதே.

காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் குடி, பால் டீ வேண்டாம். ஊர்வலம் நிற்கும் வரை கழுத்தில் மஃப்ளர் இருக்கட்டும். கொயரில் பாட்டுத்தாள்களைப் பார்த்துக்கொள்ளும் லைப்ரேரியன் ஒருவர் இருப்பார், அவரிடம் நினைவு நாள் பாட்டுகளுக்குப் பழைய சோல்ஃபா பிரதி கேட்டுப் பார். அலமாரியின் அடியில் நிச்சயம் ஒரு கட்டு இருக்கும். கிடைத்தால் செகண்ட் டெனர் பாகத்தைப் போட்டோ எடுத்து இங்கே போடு, நம் ஸ-ரி-க-மவில் எழுதித் தருகிறேன்.