புயலுக்குப் பிறகு மட்டக்களப்பு ரயில் எப்ப ஒழுங்கா ஓடும்? வெள்ளம் ஏறின கிணத்தையும் என்ன செய்யிற?

கல்லடிக்காரன்:
வணக்கம் எல்லாருக்கும். 2025 நவம்பர்ல டித்வா புயல் வந்து போன பிறகு லைன் உடைஞ்சி ரயில் இல்லாம கிடக்கு. அம்மாவுக்கு கொழும்புல முழங்கால் கிளினிக் இரிக்கு, பஸ்ஸில அவ்வளவு நேரம் காலை மடிச்சிக்கிட்டு இரிக்க அவவுக்கு ஏலாது. ரயில் எண்டா நடுவுல எழும்பி ரெண்டடி நடப்பா, கக்கூசும் இரிக்கு, அதாலதான் நாங்க எப்பவும் ரயிலத்தான் நம்புறது. பேஸ்புக்ல போட்ட படத்துல தண்டவாளம் அப்பிடியே கிடக்கு, கீழ கல்லுத்தான் இல்ல, அதக் கொட்டினா முடிஞ்சிதானே, ஏன் இவ்வளவு இழுக்குது? மற்றது எங்கட கிணறு. வெள்ளம் மேலால ஏறினதால தண்ணி பிளேன்டீ நிறத்துல கிடக்கு. பக்கத்து வீட்டு அண்ணன் பம்ப் கொண்டு வந்து அடிவரைக்கும் இறைச்சி விடுறன் எண்டு நிக்கிறார். இறைக்கலாமா?

பழைய_லைன்காரன்:
தம்பி, நான் லைன் வேலையில இருந்து பென்ஷன் எடுத்தவன், அதால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவன். மன்னம்பிட்டி, வெலிகந்த, புனானை பக்கம் லைன் போறது மகாவலியும் மாதுறு ஓயாவும் பரவுற பள்ளத்துக்குள்ளால. பள்ளம் எண்டதால மண்ணக் குவிச்சி உயர்த்தித்தான் தண்டவாளம் போட்டிரிக்கு, ஆறு பெருகினா அந்த மண்மேடு அணைக்கட்டு மாதிரி தண்ணிய மறிச்சிப் போடும். மதகால போற அளவ விட கூட வந்தா மேலால பாயும், பாயக்குள்ள முதல்ல தண்டவாளத்துக்குக் கீழ கிடக்கிற சல்லிக் கல்லை இழுக்கும், மறுகா அடி மண்ணை அரிக்கும். மிச்சம் நீங்க படத்துல பாத்ததுதான், தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் அந்தரத்துல ஊஞ்சல் மாதிரி தொங்கும். அதுக்குக் கீழ சும்மா கல்லக் கொட்டினா சரிவராது, அடி மண் ஊறிப்போய்க் கிடக்கு, இஞ்சின் ஏறின உடன அமுங்கும். ஊறின மண்ண எடுத்துப்போட்டு, புது மண் படை படையாப் போட்டு இறுக்கி, அதுக்கு மேலதான் சல்லி.

மற்ற ஒண்டு ஆக்களுக்கு விளங்குறல்ல. சல்லி வாறதே ரயில்லதான், எங்களுக்கு இரிக்கிறது ஒத்தை லைன். மட்டக்களப்பு லைன் பிரியிற கல்லோயாச் சந்திப் பக்கத்தால வாற கல்லு ரயில் முதல் உடைப்போட நிண்டிரும், அதக் கட்டி முடிச்சாத்தான் அடுத்த உடைப்புக்கே போகலாம். றோட்டு மாதிரி நாலு பக்கத்தாலயும் லொறி விட ஏலாது, புனானைப் பக்கம் காடு வேற. பிறகு வெறும் இஞ்சின ஓட்டிப் பாத்து, அதுக்குப் பிறகு வேகத்தைக் குறைச்சித்தான் விடுவாங்க. தண்டவாளத்துக்கு மேல தண்ணி நிண்டா அதுக்குள்ளால ஓட்டவும் மாட்டாங்க, டீசல் இஞ்சின்ட மோட்டர் சில்லுக்குக் கிட்டத் தாழத்தான் தொங்குது. முதல்ல ஓடுறது நாங்க கொழும்புக்குப் போற உதயதேவி ரயிலா இரிக்காது, அநேகமா எண்ணெய் ரயில்தான்.

தூரதேசத்து_மருமகன்:
ஐயா சொன்ன கடைசிக் கதை இஞ்ச அமெரிக்காவிலயும் அப்பிடியேதான். 2005 ஆகஸ்ட்ல கத்ரீனா அடிச்சி நியூ ஓர்லியன்ஸ்ல இருந்து மொபைல் வரைக்கும் கடற்கரையால போற லைன் நாசமாப் போச்சி, பே செயின்ட் லூயிஸ் பாலத்தையும் கடல் அடிச்சிக்கிட்டுப் போயிட்டு. கம்பெனிக்காரன் காசைக் கொட்டி 2006 தொடக்கத்துலயே சாமான் ரயில விட்டுட்டான். ஆக்கள் போற ரயில் திரும்ப வந்தது எப்ப எண்டு நினைக்கிறீங்க? 2025 ஆகஸ்ட்ல! இருபது வருஷம். தண்டவாளம் அங்கேயே கிடந்திச்சி, ஆக்கள ஏத்த ஒருத்தருக்கும் அவசரமில்ல, அவ்வளவுதான்.

கிழக்குவாசி:
வயித்தக் கலக்காதீங்க 😄 எங்கட பக்கத்துக் கதையும் இரிக்கே. 1964 டிசம்பர் புயல்ல பாம்பன் பாலம் உடைஞ்சதை 46 நாள்ல கட்டினாங்க, வேலைக்குப் பொறுப்பா நிண்டவர் ஸ்ரீதரன். ஆனா அதே புயல்ல ரயிலோட ஆக்களையும் பறிகொடுத்த தனுஷ்கோடிக்கு லைன் திரும்பப் போடவே இல்ல. ராமேஸ்வரம் தேவைப்பட்டிச்சி, தனுஷ்கோடி தேவைப்படல்ல, இதுதான் என்ட கணக்கு. மட்டக்களப்புக்கு எண்ணெயும் ரயில்லதான் வருது, அதால நம்ம லைன விட்டுட மாட்டாங்க. கல்லடி தம்பி, ரயில் பொலன்னறுவ வரைக்கும் வரத் தொடங்கினா அதைப் பிடிங்க. அந்த ஸ்டேஷன் கதுருவெலயிலதான் இரிக்கு, மட்டக்களப்பு பஸ்ஸும் கதுருவெலயாலதான் போகுது. றோட்டு திறந்திரிக்கா எண்டு மட்டும் கேட்டுட்டு வெளிக்கிடுங்க. அம்மாவுக்கு பஸ் கொஞ்சத் தூரம்தான், மிச்சத்துக்கு ரயில்.

காத்தான்குடி_நானா:
தம்பி, பம்ப் காரர நிப்பாட்டுங்க முதல்ல!! கல்லடி, காத்தான்குடி எல்லாம் மணல் பூமி, ஒரு பக்கம் கடல் மற்றப் பக்கம் வாவி. நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மெல்லிசா மிதந்துதான் நிக்கிது. அடிவரைக்கும் இறைச்சா கீழ இரிக்கிற உப்பு மேல ஏறும். சுனாமிக்குப் பிறகு திரும்பத் திரும்ப இறைச்சிப் பாத்து உப்பு கூடின கிணறு எங்கட பக்கம் எத்தின. கொட்டு (சீமெந்து வளையம்) இறக்கின கிணறு எண்டா இன்னொரு ஆபத்து, வெளிய மண் ஊறி நிக்கக்குள்ள உள்ளுக்கு தண்ணி இல்லாமப் போனா கொட்டு உள்வாங்கிச் சரியும்.

வாளியால ஆறுதலா அள்ளி ஊத்துங்க, மட்டம் கொஞ்சம் இறங்கினா நிப்பாட்டி ஊற விடுங்க, மறுகா அள்ளுங்க. மிதக்கிற குப்பை, இலை எல்லாம் வலையால எடுங்க. தெளிஞ்ச பிறகு ப்ளீச்சிங் பவுடர வாளித் தண்ணியில கரைச்சி, சுண்ணாம்பு அடியில படிஞ்ச பிறகு மேல் தெளிவை மட்டும் கிணத்துக்குள்ள ஊத்தி ஒரு ராவு விடுங்க. விடிய மணம் போற வரைக்கும் அள்ளி விட்டுட்டு குளிக்க, கழுவ எடுக்கலாம். குடிக்க வேணாம், கக்கூஸ் குழியும் சேத்துத்தானே நிரம்பினது. குழாயில உன்னிச்சைக் குளத்துத் தண்ணி வந்தா அது, இல்லாட்டி பவுசர் லொறியில வாற தண்ணி, அதையும் கொதிக்க வெச்சே குடிங்க. வெள்ளத்துல கால்ல காயத்தோட நிண்ட யாருக்கும் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு வந்தா பனடோல் போட்டுட்டுப் படுக்காம உடன ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க, எலிக்காய்ச்சலா இரிக்கலாம்.

கல்லடிக்காரன்:
நானா, பம்ப் வேணாம் எண்டு அண்ணனுக்கு சொல்லிட்டன், முகம் கொஞ்சம் கறுத்திச்சி, பரவால்ல. கதுருவெல யோசனை அம்மாவுக்கும் பிடிச்சிட்டு. பவுடர் எங்க எடுக்கிற, எவ்வளவு போடுற? கடையில திறந்த பையில கிடக்கிறத வாங்கலாமா?

காத்தான்குடி_நானா:
திறந்து கிடந்தது வேணாம், வீரியம் போயிருக்கும். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கந்தோர்ல கேளுங்க. கிணத்துட அகலத்தையும் தண்ணி எத்தின அடி நிக்கிது எண்டதையும் அளந்துக்கிட்டுப் போங்க, அளவை அவங்களே கணக்குப் பாத்துச் சொல்லுவாங்க.